வின்னிபெக் குளிருக்கு ரங்கநாதன் தெருவில் ஸ்வெட்டர் வாங்காதீர்கள்

நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் 1905இல். மார்கழியில் 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிற ஊர் நம்முடையது. கனடாவில், மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 21. வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18தான், அதற்குள் போய்ப் படுத்தால் கொஞ்சம் கதகதப்பாகவே இருக்கும்.

ஆனாலும் சென்னையிலிருந்து போகிறார்கள். காரணம் எளிது. டொராண்டோ, வான்கூவர் பக்கம் எல்லாரும் முண்டியடிக்கிறார்கள். மனிடோபா, சஸ்காட்செவன் மாதிரி மாகாணங்களுக்கு வந்த ஆள் தங்குவதே பெரிய விஷயம். புள்ளி போட்டு நிரந்தரக் குடியுரிமைக்கு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மார்க் பத்தாமல் நிற்பவருக்கு, ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று ஒரு மாகாணம் பரிந்துரைக்கும் நாமினேஷன் கிடைத்தால் கூடுதலாக 600 புள்ளி. பதிலுக்கு அந்த மாகாணத்திலேயே குடியிருக்கும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும்.

இடையில் ஒன்று. ‘இத்தனை லட்சம் கட்டுங்கள், கனடாவில் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்கான கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். பொய்யான ஆவணம் என்று கண்டுபிடித்தால் 5 வருடம் கனடா பக்கமே தலைகாட்ட முடியாது.

இனி குளிர். சென்னைக்காரர்கள் செய்யும் முதல் தப்பு, இங்கேயே பெட்டி நிறைய ஸ்வெட்டர் வாங்குவது. இங்கே கிடைப்பது ஊட்டிக் குளிருக்கானது. பின்னல் இடைவெளி வழியாகக் காற்று நேராக உள்ளே போகும். வின்னிபெக் இருக்கும் சமவெளியில் ஆளைச் சாய்ப்பது வெப்பநிலையைவிடக் காற்றுதான். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும்.

இரண்டாவது தப்பு காட்டன். பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் எல்லாமே வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்துவிட்டு ஸ்டாப்பில் 5 நிமிடம் நின்றால் முதுகு ஐஸாகிவிடும். உடம்போடு ஒட்டி பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் மெத்தென்ற ஃபிளீஸ் மேல்சட்டை, கடைசியாகக் காற்றுப் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் பார்க்கா என்ற தடித்த கோட். இந்த மூன்றும் ஐந்து ஸ்வெட்டருக்குச் சமம். கட்டடத்துக்குள் நுழைந்ததும் பார்க்காவின் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், உள்ளே வியர்க்கவே கூடாது.

பூட்ஸ் அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்தால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல்தான் முதலில் மரக்கும். தடிப்பான கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த கிளவுஸைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. காதோ மூக்கோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், வெந்நீரும் வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். உள்ளே போய் வெறும் உள்ளங்கையால் மூடிக்கொண்டால் போதும்.

சென்னையிலிருந்து தெர்மல் இரண்டு ஜோடி, சுமாரான ஒரு ஜாக்கெட், குல்லா, கிளவுஸ் மட்டும் போதும். அவை செக்-இன் பெட்டியில் அல்ல, கைப்பையில். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் ஏர்போர்ட் வாசலில் தெரியும் ஏன் என்று. மீதியை அங்கே போய் வாங்குங்கள். முடிந்தவரை மே முதல் செப்டம்பருக்குள் போய்ச் சேருங்கள். வீடு தேடவும் கார் ஓட்டிப் பழகவும் பனி விழுமுன் நேரம் கிடைக்கும். டிசம்பரில் போனால் மாலை நாலரைக்கே சூரியன் மறையும், அது வேறு மனசை அழுத்தும்.

வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும். பிரச்சினை வறட்சி. மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும், கதவுக் குமிழைத் தொட்டால் ஷாக் அடிக்கும். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் வைக்கலாம், ஆனால் சென்னை மாதிரி ஆக்கிவிடாதீர்கள். ஈரப்பதம் 30 சதவீதம் போதும், கூடினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் அங்கே குளிர்காலம் முழுக்கக் கட்டிதான். இட்லி மாவு இரவெல்லாம் வைத்தாலும் பொங்காது. ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் லைட்டை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை வைத்தால் 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பொங்கிவிடும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். மாவு இருப்பதை மறந்து வேறு யாராவது சூடாக்கினால் பிளாஸ்டிக் பாத்திரத்தோடு போச்சு.

வாடகை பேசும்போது இரண்டு கேள்வி: ஹீட்டிங் செலவு வாடகையில் சேர்ந்ததா? பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் உண்டா? இரண்டாவது கேள்வி காருக்காக. கடும் குளிரில் இன்ஜின் ஆயில் இறுகும், பேட்டரியின் பலமும் பாதியாகக் குறையும். அதனால் இன்ஜினைச் சூடாக்க பிளாக் ஹீட்டர் என்று ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள், முன் கிரில்லில் ஒயர் தொங்கும். மைனஸ் 15க்குக் கீழே போனால், கிளம்ப 3, 4 மணி நேரத்துக்கு முன் ஓடத் தொடங்கும்படி டைமர் வையுங்கள். இரவு முழுக்க ஓடவிட்டால் கரண்ட் பில்தான் ஏறும்.

7 டிகிரிக்குக் கீழே சாதா டயரின் ரப்பர் கெட்டியாகிப் பிடிமானம் போய்விடும், ஆகவே வின்டர் டயர். வைப்பர் தண்ணீர் மைனஸ் 40 தாங்குவதாக வாங்குங்கள். கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். பனியில் வண்டி சிக்கினால் இன்ஜினை ஓடவிடுமுன் புகைக்குழாய் வாயில் அடைத்த பனியைத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும், அதற்கு வாசனையும் கிடையாது.

ஹீட்டர் ஒயரைக் கழற்றாமல் வண்டியை எடுத்துப் பிளக்கைப் பிய்த்துக்கொள்வது அங்கே சகஜம். இரவில் மாட்டும்போதே ஒயரை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டுங்கள். காலையில் கதவைத் திறக்கும்போது கண்ணில் படும்.