இரவு ஒன்பதரைக்கு அறுந்துபோகும் இணையம்: மூன்று வார அலைச்சல்

மூன்று வாரங்களாக எங்கள் வீட்டில் இணையம் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் சொல்லிவைத்தாற்போல் அறுந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் இருக்காது. தானாகத் திரும்பி வரும். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போய்விடும். அலுவலகக் கூட்டங்கள் எனக்கு அந்த நேரத்தில்தான் என்பதால், பாதிப் பேச்சில் காணாமல் போகிறவன் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. இப்போது பழுது தீர்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் என் கைவேலை என்பதால் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

வீட்டு அமைப்பு இதுதான்: ஃபைபர் இணைப்பு, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி (பிரிட்ஜ் முறையில், அதாவது தான் ரவுட்டராக வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும்), அதன் பின்னால் ரவுட்டராகவும் ஃபயர்வாலாகவும் வேலை செய்யும் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளை நிறுவிய சிறு கணினி, ஃபைபர் போனால் கைகொடுக்க, சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் ஒரு 4ஜி டாங்கிள்.

முதலில் சேவை நிறுவனத்தை அழைத்தேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். மறுநாள் ஆள் வந்தார், அதுவும் காலை பதினொரு மணிக்கு, இணையம் கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருக்கும் நேரத்தில். ஃபைபரில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை மாட்டினார். மைனஸ் 21 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும் என்பதால் லைனில் குறையில்லை என்று எனக்கும் புரிந்தது. "சொந்த ரவுட்டர் போட்டுருக்கீங்க சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள், புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அரை நாள் விடுப்பெடுத்து அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். மூடிய புகாரைத் திறக்க முடியாது, புதிதாகப் பதியுங்கள் என்றார் அங்கிருந்தவர். அதற்கும் அதே அலைபேசி எண்ணைத்தான் அழைக்க வேண்டுமாம். அவர் எதிரிலேயே நின்று அந்த எண்ணை அழைத்து, இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்தேன். அதுதான் என்னை இன்னும் ஒரு வாரம் தவறான திசையில் இழுத்துச் சென்றது. இணையம் போன அந்த நிமிடத்தில் ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்திலிருந்து கூகுளின் பொது முகவரியான 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பினேன். பதில் தடையில்லாமல் வந்தது. மடிக்கணினியிலோ ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஃபயர்வால் வரைக்கும் இணையம் இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கேபிள்களை மாற்றினேன், வைஃபை சேனலை மாற்றினேன், தளப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பிஎஃப்சென்ஸ் ஒரு முகவரிக்கு ஓயாமல் பிங் அனுப்பிப் பார்க்கும். ஃபைபர் இணைப்பை அப்படிக் கண்காணிப்பதற்கான முகவரியாக 8.8.8.8ஐ நானே கொடுத்திருந்தேன் என்பதும், அப்படிக் கொடுத்த முகவரிக்குப் பிஎஃப்சென்ஸ் அந்த இணைப்பின் வழியாகவே தனிப் பாதை போட்டுவிடும் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டிலுள்ள மற்ற எல்லாம் வேறு வழியில் போய்க்கொண்டிருக்க, என் சோதனைப் பிங் மட்டும் ஃபைபரில் சுகமாகப் போய்வந்திருக்கிறது. ஆகவே இப்படிச் சோதிப்பவர்கள் கண்காணிப்பு முகவரியை விட்டுவிட்டு வேறொரு முகவரிக்குப் பிங் அனுப்புங்கள்.

கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) எப்போது விழுந்தது என்று பிஎஃப்சென்ஸ் குறித்துவைக்கும் பதிவேட்டை நான் பார்க்காமல் இல்லை. முதல் வாரமே பார்த்தேன். அதில் அபாய அறிவிப்புகள் எல்லாம் மாலை நான்கு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் இருந்தன. அந்த நேரத்தில் வீட்டில் யாருமே இல்லை என்பதால் ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள், இரவு 9.40க்கு இணையம் அறுந்த கையோடு பதிவேட்டைத் திறந்தால், அப்போதுதான் விழுந்த வரியில் 16.10 என்றிருந்தது. நிறுவும்போது நேர மண்டலத்தைத் தொடாமல் விட்டால் பிஎஃப்சென்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்ததும், ஒதுக்கிவைத்த ஒவ்வொரு வரியும் நான் கூட்டத்திலிருந்து விழுந்த நேரத்தோடு பொருந்தியது. அந்த வரிகளில், பிங்குக்குப் பதில் வரும் தாமதம் ஆறு இலக்க எண்ணாக இருக்கும். அது மைக்ரோ நொடிக் கணக்கு, ஆயிரத்தால் வகுத்துப் படிக்க வேண்டும். எனக்கு வந்தது 612 மில்லி நொடி.

அதன் பிறகு எல்லாம் ஒரே இரவில் அவிழ்ந்தது. பிஎஃப்சென்ஸ் அரை நொடிக்கு ஒரு முறை பிங் அனுப்பி, கடைசி 60 நொடிகளின் சராசரியைப் பார்க்கிறது. மாற்றாமல் விட்டால், தாமதம் 500 மில்லி நொடியையோ இழப்பு (பதிலே வராத பிங்குகள்) 20 விழுக்காட்டையோ தாண்டியதும் இணைப்பு செத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஒன்பதரைக்கு என் மனைவியும் மகளும் கைபேசிகளைச் சார்ஜில் போடுகிறார்கள். உடனே படங்களும் வீடியோக்களும் மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்குகின்றன. அந்த மாதம் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. ஏற்றும் பாதை நிரம்பியதும் பிங் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஃபயர்வாலோ, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஃபைபரைப் பிணம் என்று தீர்மானித்து எல்லாவற்றையும் டாங்கிளுக்குத் திருப்புகிறது. இணைப்பு விழுந்தால் நடப்பிலுள்ள தொடர்புகளை வெட்டிவிடும் அமைப்பையும் நான் எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். ஏற்றங்கள் வெட்டுப்பட்டதும் ஃபைபர் காலியாகி, ஒரு நிமிடத்துக்குள் சராசரி இறங்கி, ஃபைபர் உயிர்த்தெழுகிறது. பெரிய வீடியோக்கள் மறுபடியும் ஏறத் தொடங்குகின்றன. இப்படி அவை முடியவே இல்லை.

ஃபைபர் போனால் டாங்கிள் ஏன் காப்பாற்றவில்லை? அதில் பேக் தீர்ந்திருந்தது. அதுவரை பேக் இருந்ததால், இப்படி மாறி மாறி ஓடியது யார் கண்ணிலும் படவில்லை. டாங்கிளுக்குக் கண்காணிப்பு முகவரி எதையும் நான் கொடுக்காததால், ஃபயர்வால் அதன் கேட்வேயான 192.168.8.1ஐயே பிங் செய்துகொண்டிருந்தது. அது வேறெங்கோ இருக்கும் முகவரி அல்ல, அந்த டாங்கிளேதான்! யூஎஸ்பியில் செருகியிருக்கும் வரை, சிம்மில் காசு இல்லாவிட்டாலும் "நலம்" என்று பதில் சொல்லும். அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்: பேக் முடியப்போகிறது, நாளை முடிகிறது, முடிந்துவிட்டது என்று படிக்காத குறுஞ்செய்திகள் ஏழு.

சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றினேன். டாங்கிளுக்கு ரீசார்ஜ் செய்து, கண்காணிப்பு முகவரியாக 1.1.1.1 கொடுத்தேன், ஒரே முகவரியை இரண்டு கேட்வேக்கும் கொடுக்க முடியாது. ஃபைபரின் தாமத வரம்பை 500இலிருந்து 1000 ஆக்கினேன்; இழப்பு வரம்பைத் தொடவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் அறுபடுவது நின்றிருக்கும், கூட்டத்தில் குரல் திக்குவது நின்றிருக்காது. அதற்காக வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்க்யூ கோடெல் முறையில் ஒரு லிமிட்டர் (வேகக் கட்டுப்பாடு) போட்டு, ஏற்றும் வேகத்தை அளந்து பார்த்ததில் பத்தில் ஒன்பது பங்காகக் கட்டினேன். அன்றிரவு காதுகுத்து வீடியோ முழுதாக ஏறியபோது பிங் 40 மில்லி நொடியைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மகளை வீடியோ அழைப்பில் அவள் அத்தையுடன் பேசச் சொல்லிவிட்டு, ஓஎன்டியிலிருந்து பச்சை முனை ஃபைபரைக் கழற்றி மூடியைப் போட்டேன். படம் உறைந்தது. அறுபது நொடியில் இருபது விழுக்காடு என்றால் பன்னிரண்டு நொடி, அதற்கு மேல் ஓரிரண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறில் அழைப்பு தானாக மீண்டும் இணைந்து, "என்னடி, சிலையாட்டம் நின்னுட்ட?" என்று அத்தையின் குரல் கேட்டது.