தொலைவும் நெரிசலும்: டி.எஸ்.எல்., கேபிள் இணைப்புகளைப் பற்றி

வீட்டு இணையத்துக்கு டி.எஸ்.எல். எடுப்பதா, கேபிள் எடுப்பதா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பது வழக்கம். உங்கள் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பகம் வரை கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது? இரவு எட்டு மணிக்கு அக்கம்பக்கத்தில் எத்தனை வீடுகள் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டிருக்கும்? இரண்டு வகை இணைப்புகளையும் சில ஆண்டுகள் அடுத்தடுத்துப் பயன்படுத்தியவன் என்ற முறையில், விளம்பரத்தில் அச்சாகும் வேகத்தைவிட இந்த இரண்டு விடைகளே அன்றாட அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

டி.எஸ்.எல். என்பது தொலைபேசிக்காகப் பதித்த முறுக்கிய செப்புக் கம்பியிலேயே ஓடுவது. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழே உள்ள சிறு பகுதியே போதும். அதற்கு மேலே சும்மா கிடந்த அதிர்வெண்களைத் தரவுக்குப் பயன்படுத்தியதுதான் இதன் அடிப்படை. டி.எஸ்.எல்.லின் பரவலான வகையான ஏ.டி.எஸ்.எல். ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 2003இல் தரப்படுத்தப்பட்ட ஏ.டி.எஸ்.எல். 2+ அதைப்போல இரு மடங்கு வரையிலும் உள்ள பரப்பை நூற்றுக்கணக்கான சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சலை அளந்து, அது தாங்கும் அளவுக்கு மட்டும் பிட்டுகளை ஏற்றுகின்றன. செப்புக் கம்பியில் அதிர்வெண் உயர உயரச் சமிக்ஞை விரைவாகத் தேய்கிறது; ஆகவே தூரம் கூடும்போது மேல் அலைவரிசைகள் ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போகின்றன. நொடிக்கு 24 மெகாபிட் என்ற உச்ச வேகம் இணைப்பகத்தின் அருகில் இருப்பவருக்கே கிடைக்கும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் சில மெகாபிட்டுகளோடு நின்றுவிட வேண்டியதுதான்.

நான் முன்பு குடியிருந்த வீட்டில் 24 மெகாபிட் வரை கிடைக்கும் என்று சொல்லி இணைப்பைக் கொடுத்தார்கள். வந்தது 5 மெகாபிட். மோடத்தை மாற்றினேன், வீட்டுக்குள் ஓடிய பழைய கம்பியை மாற்றினேன், ஒவ்வொரு தொலைபேசிக்கும் வடிப்பானைப் பொருத்தினேன். எதுவும் பெரிதாக உதவவில்லை. பிறகுதான் மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தேய்மானம், அதாவது வழியில் சமிக்ஞை இழக்கும் வலிமை, 50 டெசிபெல் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. அவ்வளவு நீண்ட கம்பிக்கு 5 மெகாபிட்டே நியாயமான வேகம். டி.எஸ்.எல். வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த எண்ணையும், அதனருகே உள்ள சமிக்ஞை-இரைச்சல் இடைவெளியையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பேன். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வாடிக்கையாளர் சேவையோடு வாதாடுவதில் பயனில்லை.

கேபிளின் கதை வேறு. தொலைக்காட்சிக்காக இழுத்த கோஆக்சியல் கேபிள் உறையிட்டது என்பதால், செப்பு இணைக்கம்பியைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களைத் தாங்குகிறது. வழியில் பெருக்கிகளும் இருப்பதால் தூரம் அங்கே பெரிய சிக்கல் இல்லை. கேபிள் வழியே தரவு அனுப்புவதற்காக 1997இல் தொடங்கிய டாக்சிஸ் தரத்தில், 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொலைக்காட்சி அலைவரிசை நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட்டைச் சுமக்கும். 2006இல் வந்த 3.0 பதிப்பு அப்படிப்பட்ட பல அலைவரிசைகளை ஒன்றாகக் கட்டியது. எட்டைக் கட்டினால் 300 மெகாபிட். ஆனால் அந்த 300 மெகாபிட் ஒரு வீட்டுக்கானது அல்ல. ஒரே கணுவில், அதாவது அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேபிள் பிரியும் முனையில், தொங்கும் வீடுகள் அனைத்துக்கும் பொதுவானது. நிறுவனம் கணுவைப் பிரித்து வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் இரவிலும் வேகம் நிற்கும். பிரிக்காவிட்டால், காலையில் அளந்த வேகத்தில் பாதிகூட இரவில் இல்லாமல் போகலாம். டி.எஸ்.எல். முழுக்க முழுக்கத் தனிவழி என்று சிலர் சொல்வதும் சரியல்ல. வீட்டிலிருந்து இணைப்பகம் வரைதான் கம்பி தனி. அதற்கப்பால் அதுவும் பொதுவழியே. ஒரே கட்டில் போகும் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலும் அதில் கசிகிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது பதிவேற்ற வேகம். பல கேபிள் அமைப்புகளில் மேல்நோக்கிய தரவுக்கு ஒதுக்கியிருப்பது 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டை மட்டுமே. சிற்றலை வானொலியும் மோட்டார்களின் இரைச்சலும் உலவும் பகுதி அது. ஒரு வீட்டில் தளர்ந்திருக்கும் ஒரு கனெக்டர் வழியே நுழையும் இரைச்சல் அந்தக் கணு முழுவதையும் பாதிக்கக்கூடும். மேலும், கேபிள் மோடம் எதையும் அனுப்புமுன் நேரம் கேட்டு, அனுமதி வந்த பிறகே அனுப்ப வேண்டும். அதனால் சில மில்லி நொடிகள் கூடுகின்றன. டி.எஸ்.எல்.லில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் பிழை திருத்தத்துக்காகத் தரவின் துண்டுகளை வரிசை மாற்றி இடைகலந்து அனுப்பும்போது அங்கும் தாமதம் ஏறுகிறது.

விலை, மாதாந்தர வரம்பு, ஒப்பந்தக் காலம் ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபவை. தொழில்நுட்பத்தை வைத்து அவற்றைக் கணிக்க முடியாது.

வீடு மாறிய பின் கேபிளுக்குப் போனேன்; பதிவிறக்கம் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் என் வேலை இரவு நேரக் காணொளி அழைப்புகளையும் பெரிய கோப்புகளை அனுப்புவதையும் சார்ந்தது. இரண்டும் நெரிசல் நேரத்திலேயே திணறின. பின்னர் எங்கள் தெருமுனையில் குறைந்த தூரத்தில் கூடுதல் வேகம் தரும் டி.எஸ்.எல். வகையான வி.டி.எஸ்.எல். 2 பெட்டி ஒன்றை வைத்து, அந்தப் பெட்டி வரை ஒளியிழையைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து என் வீட்டுக்குச் செப்புக் கம்பி முந்நூறு மீட்டர்கூட இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட அன்றே மீண்டும் டி.எஸ்.எல்.லுக்கு மாறினேன். கேபிளில் பகலில் கண்ட பதிவிறக்க வேகம் இப்போது இல்லை; ஆனால் இரவு எட்டு மணி அழைப்பில் மறுமுனையில் இருப்பவரின் குரல் அறுபடுவதில்லை.