நூற்றெண்பதா, பத்தா?

மருத்துவர்கள் பயன்படுத்தப்போகும் ஒரு மென்பொருளைச் சோதிக்க, நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சரி என்றேன்.

எனக்குக் கிடைத்த வேடம்: 58 வயது, நீரிழிவு, திருச்சியில் மூன்று மாதம் தங்கிவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவர், கையில் அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அந்தச் சீட்டு என் யோசனை. ஊருக்குப் போய் வரும் நம்மவர்கள் அப்படித்தான் கொண்டுவருவார்கள்.

ஆறு மருத்துவர்களிடமும் ஒரே பேச்சு, ஒரே தயக்கம் இருக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தோம். நோயாளியாக நடிக்கும் இந்த முறையை ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் 1963-இல் மருத்துவ மாணவர்களைப் பழக்குவதற்காகத் தொடங்கினார். "ராத்திரியில பாதம் எரியுது" என்பதை நான் ஒரே ஒரு முறைதான் சொல்லலாம். நீரிழிவில் நரம்பு கெடுவதற்கு அது முக்கியமான அறிகுறி.

முதல் மருத்துவர் நம் தமிழ்ப் பையன்.

"வெறும் வயித்துல சர்க்கரை 180, டாக்டர்" என்று சீட்டை நீட்டினேன். 180 என்று தட்டினார். கட்டம் சிவந்தது. செல்லாத மதிப்பு என்று ஒரு வரி வந்தது, காரணம் இல்லை. அழித்துவிட்டு மறுபடி 180. மறுபடி சிவப்பு.

"ஒரு நிமிஷம்மா" என்றார்.

இந்தியச் சீட்டில் சர்க்கரைக்கு மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் என்ற வேறு அளவு. 18-ஆல் வகுத்தால் 10. அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் பாத எரிச்சலைச் சொன்னேன். தலையாட்டினார். காதில் விழவே இல்லை. ஆறு பேரில் மூன்று பேர் அதை இப்படித் தவறவிட்டார்கள். எனக்கு மனசு கனத்துப்போனது.

நோயாளி எதிரே இருக்கையில் மருத்துவர் தன் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் அப்புறம் அந்தச் சந்திப்பின் காணொளியைப் போட்டு, அப்போது என்ன நினைத்தார் என்று முதல் மருத்துவரிடம் கேட்டார்கள். அவருக்குத் தன் குரலே அதிர்ச்சி. ஆனால் அதற்கு முன் நிரப்பிய பத்துக் கேள்வித் தாளில் மென்பொருளுக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுத்திருந்தார். அந்தத் தாளை மட்டும் நம்பக்கூடாது என்று குழுவினரிடம் அழுத்திச் சொன்னேன்.

இரண்டாம் சுற்றில் கட்டத்தின் பக்கத்திலேயே அளவைத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தார்கள். புதிதாக வந்த மருத்துவர் 180 தட்டி மில்லிகிராமைத் தொட்டார். 10.0 என்று மாறியது. நான் பாத எரிச்சலைச் சொன்னபோது அவர் பார்வை என் மேல் இருந்தது.

"செருப்பைக் கழட்டுங்கம்மா, பாதத்தைப் பார்க்கலாம்."