சீட்டு விழுந்தவரே பிரசங்கியார்: ஆமிஷ் சபையின் ஊழியர் தெரிவு

அமெரிக்காவில் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் என்றதும் குதிரை வண்டியும், மின் கம்பி இழுக்காத வீடும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர்களிடம் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று: சபைக்கு ஊழியரைத் தெரிந்தெடுக்கும் விதம். சபைப் பதவிக்கு ஒருவர் ஆசைப்படவோ, ஆள் சேர்க்கவோ வழியே இல்லாதபடி அதை அமைத்திருக்கிறார்கள்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஒஹாயோவின் ஹோம்ஸ் போன்ற பகுதிகளில் ஒரு சபை என்பது ஏறக்குறைய 20 முதல் 40 குடும்பங்கள். தனி ஆலயக் கட்டிடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டிலோ, களஞ்சியத்திலோ கூடுவார்கள். பெஞ்சுகள் வண்டியில் வீடு வீடாகப் போகும். ஒரு பிஷப், இரண்டு பிரசங்கியார், ஒரு உதவிக்காரர் என நான்கு பேர் நடத்துவார்கள். யாருக்கும் சம்பளமில்லை, இறையியல் படிப்பில்லை, ஓய்வு வயதுமில்லை. ஒருவர் இறந்தாலோ, தள்ளாமை வந்தாலோ, சபை பெருகி இரண்டாகப் பிரிந்தாலோ புதியவர் தேவைப்படுவார்.

சீட்டுப் போடுவது பெரும்பாலும் திருவிருந்து நாளன்றுதான். திருவிருந்து ஆண்டுக்கு இரண்டே முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஆயத்தக் கூட்டம் நடக்கும். சபையின் ஒழுங்குகளை (ஓர்ட்னுங் என்பார்கள்) எடுத்துச் சொல்லி, கடவுளோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். தீராத பிணக்கு இருந்தால் திருவிருந்தே தள்ளிப்போகும். புதிய ஊழியர் வேண்டுமா என்பதற்கும் சபையின் சம்மதம் முதலிலேயே வாங்கப்படும். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். மனக்கசப்போடு இருக்கிற சபையில் சீட்டுப் போட்டால், விழுந்த சீட்டைக் கர்த்தருடைய சித்தம் என்று யார் ஏற்பார்கள்?

திருவிருந்து ஆராதனை காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். அப்பமும் ரசமும் பகிர்ந்து, இருவர் இருவராக ஒருவர் காலை மற்றவர் கழுவிய பிறகு, பிஷப் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் தகுதிகளை நினைவுபடுத்துவார். பிறகு ஊழியர்கள் ஓர் அறைக்குள் போய்விடுவார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஆண், பெண் ஒவ்வொருவரும் வரிசையாக அந்தக் கதவருகே வந்து, சபையிலுள்ள திருமணமான ஓர் ஆணின் பெயரை மெல்லச் சொல்லிவிட்டு நகர்வார்கள். பெண்கள் ஊழியத்துக்கு வர முடியாது, ஆனால் அவர்கள் சொல்லும் பெயருக்கும் ஆண்களுடையதற்குச் சமமான மதிப்பு. மூன்று வாக்கு பெற்றவர் சீட்டுக்குத் தகுதியாவார். சில சபைகளில் இரண்டே போதும். முப்பது வாக்கு வாங்கியவருக்கும் மூன்று வாக்கு வாங்கியவருக்கும் இதற்குமேல் வித்தியாசமில்லை.

ஆறு பேர் தகுதியானால் ஆறு பாட்டுப் புத்தகங்கள் எடுப்பார்கள். ஒன்றில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரு வேதவசனம். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்ற நீதிமொழிகள் 16:33 அதற்கு வழக்கமான வசனங்களில் ஒன்று. எதில் இருக்கிறதென்று வெளியே தெரியாதபடி எல்லாப் புத்தகங்களையும் நூலாலோ ரப்பர் பட்டையாலோ கட்டி, இடம் மாற்றிக் கலைத்து, மேசைமேல் வரிசையாக நிறுத்துவார்கள். சபை முழங்காலில் நின்று ஜெபிக்கும். பெயர் வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்வார்கள். பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வருவார். காகிதம் கிடைத்த இடத்தில் தேடல் நின்றுவிடும். அந்த மனிதர் அப்போதே எழுந்து நிற்க, அங்கேயே அபிஷேகம் நடக்கும்.

வாழ்த்துச் சொல்லி யாரும் கைகுலுக்க மாட்டார்கள். அவரும் மனைவியும் அழுவது சகஜம், சுற்றியிருப்பவர்களும் அழுவார்கள். பண்ணை வேலை, சின்னப் பிள்ளைகள், அவற்றின்மேல் ஆயுள் முழுதும் இந்தப் பாரம். மறுக்கவும் முடியாது. ஞானஸ்நானம் பெறும்போதே, சீட்டு தன்மேல் விழுந்தால் ஏற்பேன் என்று ஒவ்வோர் இளைஞனும் வாக்குக் கொடுத்திருக்கிறான். தானே விரும்பி முன்வருபவரைச் சபை பெருமைக்காரர் என்றே பார்க்கும், ஆகவே அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

பிரசங்கத்திலும் இதே கட்டுப்பாடு உண்டு. ஆராதனையின் தொடக்கப் பாடல்களைச் சபை பாடிக்கொண்டிருக்கும்போது ஊழியர்கள் தனி அறையில் கூடி, அன்று யார் பேசுவது என்று முடிவு செய்வார்கள். இரண்டாவதாக எப்போதும் பாடப்படும் லோப்லீட் என்ற துதிப்பாடல் நான்கே சரணம்தான். இழுத்துப் பாடுவதில் கால்மணி நேரத்துக்கு மேல் ஓடும். அறையிலிருந்து திரும்பி வந்ததும் கையில் குறிப்பில்லாமல் ஒருவர் சுமார் அரைமணி நேரமும், இன்னொருவர் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் பேச வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய விவசாயி, லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்தைத் தானே வாசித்துப் பழக வேண்டியிருக்கிறது. நாவன்மை இல்லாதவர்மேல் சீட்டு விழுந்தால் சபை பல ஆண்டுகள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முறையான வேதப் பயிற்சி இல்லாததை நான் பலமாகக் கருதவில்லை. தவறான விளக்கம் பரம்பரையாகத் தொடர அது இடம் தருகிறது. பிணக்குகளும் பிரிவுகளும் அவர்களிடமும் உண்டு. ஆமிஷ் என்ற பெயருக்குக் காரணமான யாக்கோப் அம்மான் பிரிந்துபோன 1693-லேயே அந்தக் கதை தொடங்கிவிட்டது. ஆனாலும் பிரசங்கத்தில் பிழை வந்தால் திருத்த ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நீண்ட பிரசங்கம் முடிந்ததும் பேசியவர் உட்கார்ந்து, மற்ற ஊழியர்களிடம் சாட்சி கேட்பார். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே, சொன்னது வேதத்துக்கு ஒத்ததா என்று சபை முழுவதும் கேட்கச் சொல்வார்கள். வசனம் ஏதாவது தவறிப்போயிருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.