ஊர்க் கூரையில் ஆன்டெனா, சென்னையில் மைக்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஹாம் வானொலிக்காரருக்கு, அதாவது உரிமம் பெற்றுச் சொந்த வானொலி நிலையம் வழியே பிறரோடு பேசும் ஆர்வலருக்கு, ஆன்டெனா கட்ட இடம் இல்லாததுதான் பெரிய குறை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தாரிடம் பேசிப் பார்த்து மொட்டை மாடியில் ஒரு கம்பியைக் கட்டிவிடலாம். உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள், லிஃப்ட் மோட்டார் என்று கட்டடம் முழுவதும் கிளப்பும் மின்னிரைச்சலில், 40 மீட்டர் அலைவரிசையில் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டர் எஸ்9-ஐ விட்டு இறங்குவதே இல்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், அதே நீளமுள்ள கம்பியில், பகல் நேரத்தில் எஸ்3-தான் காட்டுகிறது. ஒரு எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்று கணக்கிட்டால் இடைவெளி 36 டெசிபெல். ஆற்றலில் ஏறத்தாழ 4,000 மடங்கு. எவ்வளவு விலை கொடுத்து எந்த வானொலியை வாங்கி வைத்தாலும் சென்னையில் அந்த 4,000 மடங்கை ஈடுகட்ட முடியாது. ஆகவே வானொலியை ஊரிலேயே விட்டுவிட்டு, அதன் காதையும் வாயையும் மட்டும் இணையத்தின் வழியே இங்கே கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

இதைக் கேள்விப்படும் நண்பர்கள் எல்லாரும் ஒலி தெளிவாக வருகிறதா, தாமதம் எவ்வளவு என்றே கேட்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆளில்லாத அறையில் இருக்கும் 100 வாட் டிரான்ஸ்மிட்டரைப் பேச வைப்பது எளிது. இணைய இணைப்பு அறுந்துபோன நிலையிலும் அது தானாகவே வாயை மூடிக்கொள்ளும்படி செய்வதில்தான் என் உழைப்பில் பெரும்பகுதி சென்றது.

முதலில் கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். வானொலி, ஐகாம் ஐசி-7300. 2016-இல் சந்தைக்கு வந்த இந்த மாதிரியில் நேரடியாக இணையக் கம்பியைச் செருகும் துளை கிடையாது. அதே நிறுவனத்தின் ஐசி-7610, ஐசி-9700 ஆகியவற்றில் உண்டு. ஆனால் 7300-இன் பின்புறம் இருக்கும் ஒரே ஒரு யுஎஸ்பி துளைக்குள் கட்டளைகளுக்கான சீரியல் வழியும், ஒலி வந்துபோவதற்கான சவுண்ட் கார்டும் சேர்ந்தே இருப்பதால், பக்கத்தில் ஒரு சிறு கணினி இருந்தால் போதுமானது. நான் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை 4. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் மெமரி கார்டிலிருந்து இயங்கும் கணினியை நம்ப முடியாது என்பதால் அதை எஸ்எஸ்டி-யிலிருந்து இயக்குகிறேன். அதில் டபிள்யூஎஃப்வியூ என்ற கட்டற்ற மென்பொருள் சர்வராக ஓடுகிறது. சென்னையில் என் மடிக்கணினியில் அதே மென்பொருள் வானொலியின் முகப்பாக விரிகிறது. அலைக்கற்றையில் எங்கெங்கே சமிக்ஞை இருக்கிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படமும் தெரிய வேண்டும் என்றால் வானொலியின் அமைப்புப் பட்டியலில் சீரியல் வேகத்தை 1,15,200-க்கு உயர்த்த வேண்டும். அந்த வேகம் பட்டியலில் கிடைப்பதற்கு, யுஎஸ்பி வழியை ரிமோட் துளையிலிருந்து பிரித்துவிடும் அமைப்பை முதலில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பு. ஊர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்று அது எதைக் காட்டுகிறது என்று பார்த்தால், 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட ஓர் எண். இது பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. இந்த நிலையில் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளிருக்கும் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்வதால் எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்த ரூட்டர் வரை வந்து சேரவே சேராது. ஆகவே பொது முகவரி கொண்ட சிறிய சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, ஊரிலிருக்கும் ராஸ்பெர்ரி பையும் என் மடிக்கணினியும் வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட தனிவழி மூலம் அதனுடன் இணையும்படி செய்திருக்கிறேன். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே அழைப்பதால் தடை எதுவும் இல்லை. 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்குமாறு அமைத்துவிட்டால் நடுவில் இருக்கும் கருவிகள் அந்த வழியை மறந்துவிடாமல் திறந்தே வைத்திருக்கும். இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. வானொலியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களில் சில, குறிப்பாக ஹாம்லிப்பின் ரிக்சிடிஎல்டி, இயல்பான அமைப்பில் கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. அதன் 4532-ஆம் போர்ட்டைப் பொது இணையத்தில் திறந்து வைப்பது, யார் வேண்டுமானாலும் உரிமத்தோடு எனக்குக் கிடைத்த அடையாளமான அழைப்புக்குறியின் கணக்கில் அலை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

ஒலியைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை. ஒலி இருந்தால் மட்டுமே அலை போகும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேச்சின் அகலம் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், வினாடிக்கு 8,000 மாதிரிகளே தாராளம். ஓபஸ் முறையில் சுருக்கினால் பழைய 3ஜி இணைப்பிலும் ஓடிவிடும். தொலைபேசி உரையாடல்களுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நலம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மாறி மாறிப் பேசும் வானொலியில் அதைவிடச் சற்றுக் கூடினாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. உறுத்துவது வேறொன்று. பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பிடிடி பொத்தானை விட்டவுடன் அந்தக் கட்டளை உடனே ஊருக்குப் போய்விடுகிறது. நான் பேசிய ஒலியோ பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் காத்திருந்து பின்னால் வருகிறது. விளைவு, நான் "ஓவர்" என்று முடித்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு "ஓ" மட்டும் கேட்கும். பஃபரை முடிந்தவரை குறைத்துக்கொண்டு, பொத்தானை அரை நொடி தாமதித்து விடுவதுதான் வழி. ஒரு வாரத்தில் விரல் பழகிக்கொள்ளும்.

மோர்ஸ் ஆர்வலர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. புள்ளிக்கும் கோட்டுக்குமான கால அளவு இணையத்தின் ஏற்ற இறக்கத்தில் சிதைந்துவிடும். எனவே எழுத்துகளாகத் தட்டச்சு செய்து அனுப்பி, வானொலிக்குள் இருக்கும் கீயரே அவற்றை மோர்ஸாக மாற்றும்படி விடுவதே சரி. 7300-இல் இதற்கெனத் தனிக் கட்டளை இருக்கிறது. ஒரு தடவைக்கு 30 எழுத்துகள் வரை ஏற்கும். மெல்லிய சமிக்ஞைகளிலும் கணினிகளே குறுஞ்செய்தி பரிமாறிக்கொள்ளும் எஃப்டி8 முறைக்கும் இதே தர்க்கம்தான். 15 நொடி இடைவெளிகளாகக் கடிகாரத்தோடு பிணைந்து நடக்கும் அந்த முறையில் ஒலியை இணையம் வழியே இழுத்து வந்து சென்னையில் பிரித்தெடுக்க முயல்வது வீண்வேலை. சுருக்கமும் விடுபட்ட பாக்கெட்டுகளும் மெல்லிய சமிக்ஞைகளை முதலில் தின்றுவிடும். மென்பொருளை ஊரிலிருக்கும் கணினியிலேயே ஓட விட்டு அதன் திரையை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

இனி, வாயை மூட வைக்கும் பகுதிக்கு வருகிறேன்.

வானொலியை அணைத்த நிலையிலிருந்து எழுப்புவதே ஒரு சிறு வேடிக்கை. அணைந்திருக்கும்போது அதன் செயலி அரைத்தூக்கத்தில் இருப்பதால், எழுப்பும் கட்டளைக்கு முன்பாக எஃப்இ என்ற பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்: 19,200 வேகத்தில் 25 முறை, 1,15,200 வேகத்தில் 150 முறை. இதைவிட முக்கியமானது, அதே அமைப்புப் பட்டியலில் யுஎஸ்பி சென்ட் என்று இருக்கும் வரி. சீரியல் வழியின் ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்ற கம்பி உயர்ந்தால் வானொலி அனுப்பு நிலைக்குப் போக வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கிறது. லினக்ஸில் ஒரு நிரல் சீரியல் போர்ட்டைத் திறந்த மறுகணமே வழக்கமாக இவ்விரண்டும் உயர்ந்துவிடும். அதாவது நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்து, கணினி தானே துவங்கி, மென்பொருள் போர்ட்டைத் திறந்தால், யாரும் கேட்காமலேயே வானொலி அலை அனுப்பத் தொடங்கலாம். மேசையில் எதிரே இருந்தால் சிவப்பு விளக்கைப் பார்த்துவிடுவோம்; அங்கே யார் பார்ப்பது? அந்த வரியை அணைத்துவிட்டு, அனுப்புவதையும் நிறுத்துவதையும் மென்பொருள் கட்டளை வழியாக மட்டுமே செய்ய வேண்டும்.

ஆனால் கட்டளை வழியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அனுப்பு என்று ஒரு கட்டளை போனால், நிறுத்து என்று இன்னொரு கட்டளை வரும்வரை வானொலி காத்திருக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் காத்துக்கொண்டேயிருக்கும். சோதனைக் காலத்தில் ஒரு நாள் மாலை சென்னையில் என் திரை அப்படியே உறைந்து நின்றது. சற்று நேரத்தில் சித்தப்பாவிடமிருந்து அழைப்பு.

"ஏலே, ஒன் பொட்டியில செவப்பு வெளக்கு அணையாம எரிஞ்சுகிட்டே இருக்கு. நீதான் பேசுதியா?"

"இல்ல சித்தப்பா, நான் பேசல. சுவத்துல இருக்க பெரிய சுவிட்ச அணைச்சிருங்க."

நடந்தது இதுதான். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வந்த ரேடியோ அலை யுஎஸ்பி கேபிளுக்குள் நுழைந்து, கணினிக்கும் வானொலிக்கும் இடையிலான தொடர்பையே துண்டித்துவிட்டது. எஸ்எஸ்பி ஆகையால் ஒலி நின்றதும் அலையும் நின்றுவிட்டது. தட்டச்சு எழுத்துகளை அனுப்பும் ஆர்டிடிஒய்யாகவோ எஃப்எம்மாகவோ இருந்திருந்தால் முழு ஆற்றலில் ஒரு கேரியர் (செய்தியில்லாத வெற்று அலை) 40 மீட்டரில் உட்கார்ந்திருக்கும். இப்போது யுஎஸ்பி கேபிளின் இரு முனைகளிலும், ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் கேபிளிலும் இப்படி நுழையும் அலையைத் தடுக்கும் 31-ஆம் கலவை ஃபெரைட் வளையங்கள் பல சுற்றுகளோடு இருக்கின்றன. ஆனால் ஃபெரைட்டை மட்டும் நம்பிச் சென்னை திரும்ப எனக்கு மனமில்லை. வானொலியின் பட்டியலில் கட்டளை வழி அனுப்புதலுக்குக் கால வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. இயல்பாக அணைந்திருக்கும் அதை 3 நிமிடத்துக்கு வைத்துவிட்டேன். அமெரிக்க விதிகளின் 97.213-ஆம் பிரிவு, கட்டுப்பாட்டு இணைப்பு கெட்டால் அலைபரப்பு 3 நிமிடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று சொல்வது தற்செயலாக இதனோடு பொருந்துகிறது. இரண்டாவதாக, ராஸ்பெர்ரி பையில் ஓடும் ஒரு சிறு நிரல் என் மடிக்கணினியிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்து, தொடர்ந்து சில நொடிகள் பதில் இல்லையென்றால் நிறுத்துக் கட்டளையை அனுப்புகிறது. மூன்றாவது காவல், ஃபைபரையும் பையையும் சாராதது: தனி சிம் போட்ட ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகை, கார்களில் பயன்படும் 40 ஆம்பியர் ரிலே ஒன்றை இயக்குகிறது. முழு ஆற்றலில் 21 ஆம்பியர் வரை இழுக்கும் வானொலிக்குச் செல்லும் 13.8 வோல்ட் அந்த ரிலேயின் வழியாகத்தான் போக வேண்டும். பலகைக்கு மின்சாரம் இல்லையென்றால் ரிலே திறந்துகொள்ளும், வானொலி இறந்துவிடும். எது பழுதானாலும் முடிவு மௌனமாகவே இருக்க வேண்டும் என்ற முறையில்தான் ஒவ்வொரு கம்பியையும் இணைத்திருக்கிறேன். நான்காவது காவல் சித்தப்பா. அறைச் சுவரில் என் அழைப்புக்குறி, தொலைபேசி எண், எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இடி மின்னலுக்கும் இதே கொள்கை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையைவிட, சித்திரை மாதத்து மாலைநேரக் கோடையிடிதான் எங்கள் பக்கத்தில் அதிகம் அஞ்ச வேண்டியது. ஆன்டெனா, இயல்பு நிலையில் தரையோடு இணைந்திருக்கும். நான் வானொலியை இயக்கும் நேரத்தில் மட்டும் ஒரு ரிலே அதை வானொலிப் பக்கம் திருப்பிவிடும். நேரடியாக விழும் மின்னலை இது தடுக்காது, தூரத்து இடியால் கம்பியில் ஏறும் மின்னூட்டத்தையே கையாளும். ஆகவே மே மாதத்தில் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், அதற்கு முன்பே கேபிளைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடச் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவை அலைவரிசைக்குப் பொருத்தும் டியூனரைத் தவிர்ப்பதற்காகவே 20 மீட்டர் நீள இருமுனையக் கம்பியைத் தலைகீழ் வி வடிவில் கட்டினேன். 40 மீட்டரில் நேராகவும், மும்மடங்கு அலைவெண் (மூன்றாவது ஹார்மோனிக்) என்பதால் 15 மீட்டரிலும் அது வேலை செய்கிறது. அசையும் பாகம் ஒன்று குறைந்தால், பழுது பார்க்க ஊருக்குப் பேருந்தேறும் தேவையும் ஒன்று குறையும்.

சட்ட விஷயத்தில் என் நிலை எளிது. நிலையத்தின் இடமாக ஊர் வீட்டு முகவரியே என் உரிமத்தில் இருக்கிறது, இயக்குபவன் நான் ஒருவன் மட்டுமே. கடவுச்சொல்லை நண்பர்களுக்குக் கொடுப்பதில்லை. புதிதாக இறங்குபவர்கள், உரிமம் தரும் டபிள்யூபிசி அலுவலகத்திடம் தங்கள் ஏற்பாட்டை விளக்கி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் ஒரு கவனம் தேவை. நிலையம் எங்கே இருக்கிறது என்பதை ஆன்டெனாவே தீர்மானிக்கிறது, நாற்காலி அல்ல. ஹாம்கள் உலக வரைபடத்தைப் பிரித்துக் குறியீடு கொடுத்திருக்கும் கட்டங்களில் சென்னையினுடையது என்கே03, தென்காசியினுடையது எம்ஜே88. இணையம் வழியே நான் கூப்பிடும்போது எஃப்டி8 மென்பொருளிலும் பதிவேட்டிலும் எம்ஜே88 என்றே போகிறது. மடிக்கணினியில் இருக்கும் மென்பொருளில் பழைய சென்னைக் கட்டம் தங்கியிருந்தால், தொடர்புகளைப் பதிவேற்றுவதற்கு முன் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பதிவேறிய பின் திருத்துவது இரட்டை வேலை.