300 ஆரஞ்சுக்கு ஒரு துண்டுச்சீட்டு

தைவான் தலைநகர் தைபேயில் ஷிலின் மெட்ரோ நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தால் தேசிய அரண்மனை அருங்காட்சியகம். வருகிற கூட்டத்தில் பாதி, ஜேட் கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸைத் தேடிப் போய்விடுகிறது. கையெழுத்துக் கலை அறைகளில் ஆளே இல்லை. பழைய காகிதம் வெளிச்சம் தாங்காது, அதனால் விளக்கும் மங்கல்தான். எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைப்பதும் இல்லை.

நான் போனபோது வாங் ஷிஜியின் சீட்டு இருந்தது. 4ஆம் நூற்றாண்டுக்காரர்; சீனக் கையெழுத்து என்றாலே முதலில் சொல்லும் பெயர். அவ்வளவு பெரிய ஆள் எழுதியிருப்பது இதுதான்: 300 ஆரஞ்சு அனுப்புகிறேன், இன்னும் உறைபனி விழவில்லை, அதிகம் கிடைக்காது. மொத்தமே 12 எழுத்து. ஊரிலிருந்து மாம்பழக் கூடையோடு வரும் கடுதாசி மாதிரி.

'மூன்று' என்ற எழுத்து வெறும் மூன்று கிடைக்கோடு. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒரு சாய்வு. யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதில்லை என்பது தெரிகிறது. இத்தனைக்கும் இது மூலம்கூட இல்லை. பிற்காலத்தில் ஓரங்களை மெல்லிய கோடாக வரைந்து, உள்ளே மை நிரப்பி எடுத்த நகல். அவர் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை என்கிறார்கள்.

பனி நின்று வெயில் வந்ததைச் சொல்லி நலம் விசாரிக்கும் இன்னொரு கடிதமும் இங்கே உண்டு. 28 எழுத்து. அதைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியான்லாங் முத்திரை முத்திரையாகக் குத்தி, குறிப்பும் எழுதித் தள்ளியிருக்கிறார். ரசிகர்தான், ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

அப்புறம், இன்னொரு பெரிய கையெழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங் 758இல் எழுதிய இரங்கல் வரைவு. படைத்தலைவர் ஆன் லூஷான் பேரரசுக்கு எதிராகக் கிளப்பிய கலகத்தில் கொல்லப்பட்ட ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக எழுதியது; உடல் கிடைக்கவில்லை, தலைதான் கிடைத்தது. மை வற்றி இழுபடுகிறது, மறுபடி தொட்டுக் கொழுக்கிறது. சொற்களை அடித்து அடித்து எழுதியிருக்கிறார். சுத்தமாக இன்னொரு தாளில் எழுதியிருந்தால் இந்த வேகம் தெரிந்திருக்காது. மூலத்தை வெளியே எடுப்பது அபூர்வம்; நான் பார்த்தது அச்சுப் பிரதியைத்தான். 2019இல் இதை டோக்கியோவுக்குக் கண்காட்சிக்குக் கொடுத்தபோது இவ்வளவு பழைய தாளை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று தைவானிலும் சீனாவிலும் பெரிய சர்ச்சையே வந்தது.

போகிறவர்கள் எது காட்சியில் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.