பாத்துச் செய்யுங்க

"சேர், சீட்ட கழட்டி எறக்கவா, ஒடச்சு எறக்கவா?"

பையன் பழைய வீட்டின் பின்பக்கத்துப் பத்தியின், அதாவது அஸ்பெஸ்டஸ் சீட்டுப் போட்ட சாய்ப்பின், மேல் நின்று கேட்டது இவ்வளவுதான். கீழே நான், ஒரு கையில் போன், மறு கையில் பிளேன்டீ. "பின்னேரம் டிப்பர் வருது தம்பி. பாத்துச் செய்யுங்க" என்றேன்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் பழைய வீடு உடைக்கிற வேலை தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. தேக்கு யன்னல், பலாக் கதவு, ஓடு எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு. அதைக் கணக்குப் பார்த்துத்தான் உடைக்கிற பாஸ் விலை பேசுவார். பின்பக்கத்து அஸ்பெஸ்டஸ் பத்தியும், உடைந்த சீட்டுகளை நட்டு அடைத்த வேலியும் யாருடைய கணக்கிலும் வராது. அது கடைசி நாள் வேலை. கடற்காற்றில் போல்ட் எல்லாம் துருவேறி இறுகியிருக்கும். ஒவ்வொன்றாக அறுத்துக் கழற்ற ஒரு நாள் பிடிக்கும். சம்மட்டியால் தட்டினால் ஒரு மணித்தியாலம்.

அவன் தட்டினான். தூள் எழும்பியபோது நான் பத்தடி தள்ளிப்போய் நின்றேன், டீயைக் கையால் மூடிக்கொண்டு.

விழுந்துவிடாதே என்ற அர்த்தத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்யில்லை. பழைய சீட்டில் கால் வைத்தால் ஆளோடு உள்ளே போகும், மரத்தில்தான் மிதிக்க வேண்டும். ஆனால் அவன் விழுவதைப் பற்றிக் கேட்கவில்லையே. கழற்றவா, உடைக்கவா என்றுதான் கேட்டான். "பாத்துச் செய்" என்றால் கவனம் என்றும் ஆகும், உன் இஷ்டம் என்றும் ஆகும். டிப்பரை முன்னால் சொல்லிவிட்டுப் பாத்துச் செய் என்றால் என்ன அர்த்தம் என்று கூலிக்கு வந்தவனுக்கு விளங்காதா?

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. நனைத்து, முழுதாகக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி அனுப்ப வேண்டும் என்று தெரியும். நனைக்கத் தண்ணீர் இல்லை, இணைப்பைத் துண்டிக்க முதல் நாளே ஏற்பாடு செய்ததும் நான்தான். நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். வெள்ளை தொடர்ந்து கடையில் கிடைத்தது, எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும். 2018இலிருந்து அதையும் நிறுத்தப் போவதாகப் பேச்சு இருந்தது. 2017 டிசம்பரில் எங்கள் தேயிலையில் வண்டு இருக்கிறதென்று ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டஸை எங்களுக்கு அதிகமாக விற்ற நாடும் அதுதான். தடைத் திட்டம் தள்ளிப்போனது, தேயிலை மறுபடியும் கப்பலேறியது. அந்தப் பையன் மஸ்கெலியாப் பக்கம், தாய் கொழுந்து பறிக்கிறவர். இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பான்? ஒருவேளை சிரித்திருப்பான்.

முழுதாக இறக்கியிருந்தாலும் பாஸ் அந்தச் சீட்டுகளை விற்றிருப்பார், அவை வேறு யாரோ ஒரு ஏழையின் கூரைக்குப் போயிருக்கும். இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

ஒரு நாள் தூளில் ஒன்றும் ஆகாமல் போகலாம், பெரும்பாலும் ஆகாது. ஆனால் அவனுக்கு அது ஒரே நாளா? ஒவ்வொரு வீட்டிலும் கடைசி நாள் வேலை அவன் தலையில்தான் விழும். நோய் வந்தாலும் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது அது எந்த வீட்டுத் தூள் என்று யார் சொல்வது? எனக்கு எதிராக எந்தச் சாட்சியும் வரப்போவதில்லை. அந்த நிம்மதியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இப்போது வேலை பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன். சீட்டு கழற்றத் தனியாக ஒரு நாள் கூலி எழுதுகிறேன். போன மாதம் தெஹிவளையில் வீட்டுக்காரர் அந்த வரியை மட்டும் பேனையால் வெட்டினார். சரி என்று தலையாட்டினேன். சீட்டு இறக்கிற நாளன்று பாஸுக்குப் போனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை.